நடுவீட்டில் நின்ற மோட்டார்

"இதுக்கு நெத்தி எதுங்க?" என்று கேட்டேன்.

கையில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறேன். எதிரே எங்கள் நடுவீட்டில், மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்திய படகு மோட்டார். மேலே கறுப்பு மூடி, அதற்குக் கீழே நீளமாக ஒற்றைக் கால், காலின் நுனியில் மூன்று இதழ் வைத்த விசிறி. எந்த இடத்தில் பொட்டு வைத்தாலும் பொருத்தமாக இல்லை.

"மூடிதான் நெத்தி. அங்க மூணு கோடு இழு. விசிறிக்குக் குங்குமம் வையி. கிரைண்டருக்கு வச்சியா? மிக்ஸிக்கு?" என்று வாசலிலிருந்து கத்தினார் என் வீட்டுக்காரர். அங்கே அவர் மொபெட்டுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, டிப்போ வழக்கம் ஓயவில்லை. ஆயுத பூஜை என்றால் தீபாராதனை முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியாக வேண்டும். வண்டி மட்டுமில்லை. கிரைண்டர் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், மிக்ஸி வெறும் ஜாரோடு உறும வேண்டும், என் தையல் மிஷின்கூட நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் தட்ட வேண்டும். "ஓடுற சாமான் அம்புட்டும் இன்னைக்கு ஓடணும். இன்னைக்கு நின்னா வருசம் பூரா நின்னுரும்" என்பார்.

அதுதான் வினையாகப் போயிற்று. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த மோட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மதுரைப் பக்கம் எதற்குப் படகு?

போன வாரம் இந்தத் தொடரில் கை நரம்பில் ஊசி ஏறாமல் பட்ட பாட்டை எழுதும்போது, போகிற போக்கில் 'படகில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்' என்று எழுதிவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் போன் போட்டார். "டீச்சர், வைகையிலயே வருசத்துல பாதி நாள் மணல்தான் கெடக்கு. நீங்க எந்தக் கடல்ல போனீங்க?" என்று கேட்டு அவருக்கு ஒரே சிரிப்பு.

சிரிக்கட்டும். எங்கள் ஊர் சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவில், ஒரு பெரிய கண்மாயின் உட்பக்கம் இருக்கிறது. முக்கால் வருஷம் கண்மாய் காய்ந்து கிடக்கும். ஆடு மேயும், கிரிக்கெட் நடக்கும். ஐப்பசியில் நல்ல மழை பிடித்து வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டால், ஊருக்கு வரும் ஒரே தார் ரோடு தண்ணீருக்குள் போய்விடும். சில இடம் இடுப்பளவு, சில இடம் கழுத்தளவு. டிராக்டர்கூட வராது. ரோட்டை உயர்த்தித் தருகிறோம் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொன்னதோடு சரி.

கடைசியில் ஊரே சேர்ந்து, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகையும் மோட்டாரையும் வாங்கி லாரியில் ஏற்றி வந்தது. அதை ஓட்டப் பழகிக்கொண்டவன் என் தம்பி பாண்டி. மற்ற நாட்களில் அவன் லோடு ஆட்டோவில் வெற்றிலைக் கட்டு ஏற்றி மதுரை மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன்.

படகு ஊருக்குப் பொதுதான். ஆனால் அது இல்லாவிட்டால் முதலில் போகிறவள் நான். என் இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை மதுரையில் கோரிப்பாளையம் வரை போய், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். ஒரு தடவை தவறினால், குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் ஏறும், பிறகு நெஞ்சில் ஏறும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கழற்றிய நாள்

முந்தின மழைக்காலத்தின் கடைசியில் படகின் அடிப்பக்கம் ஒரு கருவேலங்கட்டையில் மோதிக் கீறிவிட்டது. 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்' என்று புரட்டாசி வரைக்கும் இழுத்தார்கள். எங்கள் ஊரில் எந்த வேலையும் மழை தலைக்கு மேல் வந்து நின்றால்தான் தொடங்கும். கோரிப்பாளையத்தில் கார் பம்பர் ஒட்டுகிற பாய் ஒருவரைப் பாண்டி கையோடு கூட்டிவந்தான். பாய் படகைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"கவுத்துப் போட்டாத்தான் ஒட்ட முடியும். மொதல்ல மோட்டாரைக் கழட்டுங்க" என்றார்.

மடைப் பக்கம் மிச்சமிருந்த தண்ணீரில்தான் படகு கிடந்தது. பாண்டி மோட்டாரை ஓடவிட்டு, பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான். உள்ளே இருந்த மிச்சப் பெட்ரோலைக் குடித்துவிட்டு அது இரண்டு தடவை விக்கி நின்றது. படகின் பின்பலகையோடு மோட்டாரைக் கவ்விப் பிடித்திருந்த இரண்டு திருகுகளிலும் துரு. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் திரும்பின. மூடிப் பக்கம் என் வீட்டுக்காரரும் கால் பக்கம் பாண்டியுமாகத் தூக்கினார்கள். கரையில் நின்ற அத்தனை பேரும் "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்துவதை மட்டும் செய்தார்கள். காலிலிருந்து தண்ணீர் வடிந்து முடிகிறவரை இரண்டு பேரும் அதை நிமிர்த்தியே பிடித்திருந்தார்கள்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கண்மாய்க்கரைக் கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. சமுதாயக் கூடத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். "டீச்சரக்கா வீட்டுலயே இருக்கட்டும். அவுகளுக்குத்தான அவசரம்" என்று ஊர் முடிவு செய்தது.

பாண்டி ஒரே ஒரு கட்டளை போட்டான். "மச்சான், இதை எப்பவும் நிமுத்தித்தான் வைக்கணும். படுக்கப் போட்டீகன்னா கால்ல தங்குன தண்ணி இஞ்சினுக்குள்ள எறங்கிரும். அப்பறம் செத்துச்சு."

இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பழைய கட்டிலை அறுத்து ஸ்டாண்டு அடித்தார். எண்ணெய் சொட்டினால் பிடிக்க அடியில் ஒரு பழைய தாம்பாளம். தூசி படாமல் மேலே என் பழைய சேலை. வீட்டுக்கு வருகிறவர்கள், "யாரு டீச்சர் அது, முக்காடு போட்டு நிக்கிறது?" என்று திடுக்கிட்டுக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது.

நானும் நிமிர்ந்தபடிதான். நெஞ்சில் நீர் ஏறும் நாட்களில் என்னால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். மோட்டாருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தவாக்கில் தூங்குவேன். "ரெண்டு பேரையும் படுக்க வைக்க முடியாது போலருக்கு" என்று இவர் ஒருநாள் சொன்னார். சொன்ன பிறகு மனசு கேட்காமல் டீ போட்டுக் கொண்டுவந்தார். அரை டம்ளர்தான். எனக்கு அவ்வளவுதான் அனுமதி.

இல்லாத ஸ்டாப்

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இவர் ஓட்டிய பஸ்ஸில்தான் போவேன். தினமும் ஊர் ஸ்டாப்பில் பஸ்ஸைத் தவறவிடுவேன். வரப்பில் குறுக்கே ஓடி, கண்மாய் வளைவில் நாவல் மரத்துப் பக்கம் ஏறுவேன். அங்கே ஸ்டாப்பே கிடையாது. ஆனால் பஸ் நிற்கும். "என்னண்ணே, இங்க யாரு ஸ்டாப்பு போட்டது?" என்று கண்டக்டர் கேட்டால், "கியர் விழ மாட்டேங்குதுப்பா" என்பாராம். இவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்த அன்றைக்குத்தான் கியரில் என்ன கோளாறு என்று அந்த மனுஷனுக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலேயே வீடு கட்டினோம். ஓய்வு பெறுகிறவரை அதே ரோட்டில்தான் இவருக்கு வண்டி.

சூடம் அணைகிறவரை

சரி, சந்தனக் கிண்ணத்துக்கு வருகிறேன்.

பாண்டி அன்றைக்கு ஊரில் இல்லை. பூஜை நாளில் வெற்றிலைக்கு ஏகக் கிராக்கி, லோடு மேல் லோடு அடித்துக்கொண்டிருந்தான். படகு கண்மாய்க்கரையில் கவிழ்ந்து கிடந்தது. இங்கே பூஜை முடிந்து மொபெட் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது, கிரைண்டர் சுற்றியது, மிக்ஸி உறுமியது. இவர் நடுவீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? மழை வரப் போகுது. உன்னையக் கொண்டுபோய்ச் சேக்குறதே இதுதான். நாயமாப் பாத்தா இதைத்தான் மொதல்ல ஓட்டிருக்கணும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஸ்டாண்டோடு வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். படுக்கப் போடாமல், நிமிர்த்தியே. பெட்ரோல் டேங்கின் குழாயையும் மறுபடி மாட்டினார்கள். "பெட்ரோல் இருக்கு, சூடத்தைத் தள்ளி நின்னு காட்டு" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. அத்தனை ஜாக்கிரதை. விசிறிக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தார். இரண்டு இழுப்புக்குச் சும்மா இருமியது. மூன்றாவதில் பிடித்தது பாருங்கள், தெரு நாய்கள் எல்லாம் ஓடிப்போயின.

பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வந்து கைதட்டினார்கள். நடுவில் ஏதோ கருகின வாடை வந்தது. சாம்பிராணிப் புகையும் பெட்ரோல் புகையும் கலந்து கிடந்த இடத்தில் எது எந்த வாடை என்று யாருக்குத் தெரியும்? சூடம் அணைகிறவரைக்கும் ஓட்டிவிட்டு நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"குதிரை மாதிரி நிக்குது டீச்சர்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு டீச்சர்தான்.

மழை

ஐப்பசி மழை சொல்லிவிட்டா வருகிறது? ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் ரோட்டைக் காணவில்லை. முன்கூட்டியே மதுரைக்குப் போய்த் தங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எல்லாரும் கேட்டார்கள். மழை வரும் என்று தெரியும், இன்றைக்கு வரும் என்று தெரியாது. அதுதான் பதில்.

பாய் அப்போதுதான் வந்து ஒட்டியிருந்தார், படகில் ஒட்டின இடம் காயவில்லை. பாயைப் போனில் பிடித்தால், "வெயில் அடிச்சா இன்ஷா அல்லா ஒரே நாள்ல இறுகிரும்மா. வானம் எங்க பேச்சைக் கேக்குது?" என்று அவரும் வருத்தப்பட்டார். அந்த வாரம் எனக்கு ஒரு டயாலிசிஸ் தவறியது. காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நாலு வார்த்தை பேசினால் இளைப்பு வந்தது. பாண்டி படகின் மேல் தார்ப்பாய் கட்டி, அதற்குள் பெரிய பல்புகளை எரியவிட்டு, எப்படியோ ஒட்டின இடத்தை இறுக வைத்தான்.

அடுத்த முறை போக வேண்டிய நாள் காலையில் மழை விடவே இல்லை. மோட்டாரைத் தூக்கிப்போய்ப் படகில் மாட்டினார்கள். நடுப்படகில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, இவர் குடை பிடித்தார். பாண்டி கயிற்றை இழுத்ததும் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல" என்றார் இவர்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. முங்கிக் கிடந்த கருவேல மரங்களுக்கு நடுவே வந்தபோது கருகல் வாடை அடித்தது. பாண்டி பின்னால் எட்டிப் பார்த்தான். மோட்டாரில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஓடும்போது அது வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் அவன் முதலிலேயே கவனிக்கவில்லை. இப்போது ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தவன், சட்டென்று மோட்டாரை நிறுத்தினான்.

"தண்ணி துப்ப மாட்டேங்குதுக்கா. இதுக்கு மேல ஓட்டினா இஞ்சின் இறுகிப்போயிரும்."

இவர் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, இதைத் தண்ணி இல்லாம ஓட்டினா என்னாகும்?"

"உள்ள ஒரு ரப்பர் இருக்கு மச்சான். அதுதான் தண்ணிய உறிஞ்சி இஞ்சினைக் குளுர வைக்கும். தண்ணி இல்லாம ஓட்டினா அது கருகிரும். ஏன், யாரு ஓட்டுனா?"

பாண்டி என் முகத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். "பூசைக்கா?" என்றான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான். "நிமுத்தி வைங்கன்னு சொன்னேன். ஓட்டாதீகன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே. தரையில நிக்கிற மோட்டாரை யாரு ஓட்டுவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்கப்போவதில்லை. பாவி மனுஷா, என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே சாமானையும் கும்பிட்டே கெடுத்துவிட்டாயே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு மூச்சு இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தியிருந்தால் அவருக்கு அது பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

பாண்டி மூங்கில் கம்பை ஊன்றிப் பார்த்தான். சேறு கம்பைப் பிடித்துக்கொண்டது, காற்று எங்களை மரங்களுக்குள்ளேயே தள்ளியது. இவர் குடையை என் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். படகுக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"மச்சான், முள்ளு கெடக்கு! எங்குட்டுப் போறீக?"

"ரோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா."

காலால் துழாவித் துழாவிப் போனார். கருவேல முள்ளைத் தாண்டி ஓரிடத்தில் நின்று, காலைத் தட்டிப் பார்த்து, "தார் வந்திருச்சு" என்றார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்த ரோட்டில், நெஞ்சளவு தண்ணீரில் படகை இழுத்துக்கொண்டு நடந்தார். பாண்டி பின்னால் கம்பை ஊன்றித் தள்ளினான். எங்கே பள்ளம், எங்கே வளைவு என்று இவருக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. பள்ளத்தில் தலை மட்டும்தான் தெரிந்தது. சர்க்கரை வியாதிக்காரர். காலில் முள் ஏறினால் ஆறாது. திரும்பி வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

வளைவில் அந்த நாவல் மரம் அடிமரம் முங்கத் தண்ணீரில் நின்றது. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பிறகு மறுபடி இழுத்தார்.

மேட்டில் பாண்டியின் கூட்டாளி ஒருவன் ஆட்டோவோடு நின்றான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது என் முறை தாண்டிவிட்டது. "ஏம்மா இம்புட்டு லேட்டு?" என்று கேட்ட சிஸ்டர், என் மூச்சைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த மிஷின் காலியானதும் என்னைப் போட்டார்கள்.

மிஷின் தன் வேலையைச் செய்து முடித்தபோது, பல நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்திருந்தேன். அதைவிடச் சுகம் உலகத்தில் இல்லை. இவர் கதவோரம் ஈர வேட்டியோடு நின்றார். கால் இரண்டும் கீறலாகக் கிடந்தது.

"செருப்பு எங்க?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"சேத்துக்குள்ள போயிருச்சு."

"முதல்ல போய் அந்தக் காலுக்கு மருந்து போடுங்க."

சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. சிஸ்டர்தான் அதட்டி அனுப்பினார்.

ஒரு சின்ன ரப்பர்

சில நாள் கழித்துப் பாண்டி மோட்டாரின் காலைப் பிரித்து, உள்ளேயிருந்த ரப்பர் சக்கரத்தைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. சுற்றிலும் இருக்க வேண்டிய இறக்கைகள் உருகிப் போய், மொட்டையாக இருந்தது.

"இம்புட்டுத்தாங்க்கா. தண்ணி உள்ள வந்து வெளிய போய்க்கிட்டே இருக்கணும். போகலன்னா சூடேறி நின்னுரும். புதுசு வாங்கி மாத்திட்டேன், இனி பிரச்சினையில்ல."

"அந்தக் கடையில எனக்கும் ஒண்ணு இருக்கான்னு கேளுடா" என்றேன்.

பாண்டி சிரித்தான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குச் சிறுநீரகம் தருகிறேன் என்று போய், சர்க்கரை இருப்பதால் ஆகாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இவர். அதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். சிரிப்பாகச் சொன்னதுதான், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. எனக்கும் அலுப்பு இருக்கிறதே, என்ன செய்ய?

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மழைக்கு முன்னால் சரிபார்க்க என்று மோட்டார் மறுபடி எங்கள் நடுவீட்டில்தான் நின்றது. இவர் எல்லாவற்றையும் துடைத்தார், சந்தனம் வைத்தார். எதையும் ஓட்டவில்லை. மொபெட்டைக்கூட எடுக்கவில்லை.

"இன்னைக்கு நின்னா வருசம் பூரா நின்னுரும்னு நீங்கதான சொல்வீங்க?" என்றேன்.

"நிக்கட்டும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊசி போடும் கையால் கனம் தூக்கக் கூடாது. மற்றக் கையால் வாசலில் கிடந்த நீல டிரம்மை நகர்த்தி, அதற்குள் குழாயை எடுத்துப்போட்டுத் திறந்துவிட்டேன். டிரம் நிறைந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்த பாண்டிக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு பேருமாக மோட்டாரைத் தூக்கிவந்து, கால் தண்ணீரில் முங்குகிற மாதிரி நிறுத்தினார்கள்.

"மாப்ள, நீயே இழுத்துரு" என்றார் இவர்.

"அவன் வேணாம். நீங்க இழுங்க" என்றேன்.

கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு சொட்டு. பிறகு நூல் பிடித்த மாதிரி தண்ணீர் பீய்ச்சி வாசலில் விழுந்தது.

இவர் குனிந்து கையை நீட்டி அந்தத் தண்ணீரைப் பிடித்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"வருது டீச்சர், வருது!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"வரட்டும்" என்றேன்.

எங்கள் இரண்டு பேரில் மோட்டாருக்காவது வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவில்லை. மனுஷன் ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.